நிலமும் விளையும்: பாறசாலை எல்லைப்புறத்தில் பணப்பயிர்ப் பெருக்கமும் மொழிபெயர்ப்பின் பொறுப்பும்

1. முன்னுரை

பணப்பயிர்ச் சாகுபடியின் பெருக்கம் குறித்துத் தமிழில் வெளிவந்துள்ள எழுத்துகள் பெரும்பாலும் பொருளியல் நோக்கிலோ சூழலியல் நோக்கிலோ அமைந்தவை. அப்பெருக்கத்தைக் குறிக்க வழங்கும் சொற்கள் எத்தகையன, அவை எதனைக் காட்டுகின்றன, எதனை மறைக்கின்றன என்னும் வினா மொழியியலார்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் உரியது. எனினும் அது போதிய அளவில் எழுப்பப்படவில்லை. தமிழும் மலையாளமும் ஒன்றோடொன்று கலந்து வழங்கும் பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைப்புறச் சிற்றூர்கள் இவ்வினாவை ஆராய்வதற்கு ஏற்ற களமாகும். ஒரே ஒலிவடிவம் கொண்ட வேளாண் சொல் அங்கு இரண்டு பொருளில் வழங்குகிறது. அவற்றுள் ஒன்று சட்டத்தின் பொருளாகவும் உள்ளது.

'பணப்பயிர்' என்னும் பொதுச்சொல் பயிரின் விற்பனையை மட்டுமே குறித்து, அப்பயிர் எவ்வகை நிலத்தில், எதனை அகற்றிவிட்டு, எந்த நீரைச் சார்ந்து நிற்கிறது என்பதனைக் குறிக்காது விடுகிறது. எல்லைப்புற வழக்கிலுள்ள நிலப்பெயர்களோ இவ்வேறுபாடுகளைத் தம்முள் கொண்டுள்ளன. ஆகவே இத்துறை நூல்களையும் சட்டங்களையும் புனைகதைகளையும் மொழிபெயர்ப்போர் பயிரின் பெயரை மட்டுமன்றி நிலத்தின் வகையையும் பெயர்த்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

2. களமும் வரலாறும்

1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் மாநில மறுசீரமைப்பு நடைமுறைக்கு வந்தபோது, திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தின் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. பாறசாலை அவ்வட்டத்தின் தென்கோடியில் அமைந்த ஊர். எல்லையைக் கடந்தவுடன் களியக்காவிளை. நிலத்தின் இயல்பில் இவ்விரு பக்கங்களுக்கும் வேறுபாடு இல்லை. செம்பூரான் கல் மண்டிய குன்றுகள், அவற்றின் சரிவுகளில் மரத்தோட்டங்கள், குன்றுகளுக்கு இடையே நீண்டு கிடக்கும் வயல் தாழ்வுகள் என்னும் மூன்றடுக்கு அமைப்பே இரு பக்கத்தும் காணப்படுவது. வேறுபடுவன ஆட்சிமொழி, நிலச்சட்டம், வருவாய்த்துறைக் கலைச்சொல் ஆகிய மூன்றே.

இப்பகுதியில் சந்தைக்குரிய பயிர் அண்மைக்காலத்தில் புகுந்ததன்று. எல்லையை ஒட்டிய இஞ்சிவிளை என்னும் ஊரின் பெயரே இதற்குச் சான்றாக நிற்கிறது; சுக்கும் மிளகும் நெடுங்காலம் இக்கரையின் ஏற்றுமதிப் பொருள்களாக இருந்தன. 1865ஆம் ஆண்டின் பண்டாரப்பாட்ட விளம்பரம் திருவிதாங்கூர் அரசு நிலங்களின் குடிகளுக்கு உடைமை உரிமை வழங்கியபின், நீண்ட காலம் நின்று பயன்தரும் மரப்பயிர்களில் முதலிடுவதற்குக் குடியானவர்க்குத் துணிவு பிறந்தது. விசாகம் திருநாள் மன்னர் (ஆட்சி 1880–1885) மரச்சீனிச் சாகுபடியை ஊக்குவித்தமை எளியோர் உணவில் பெருமாற்றத்தை விளைத்தது. அரிசிக்குப் பர்மாவை நம்பியிருந்த திருவிதாங்கூர், 1942இல் பர்மா ஜப்பானியர் வசமானபோது பெரும் உணவு நெருக்கடிக்கு உள்ளாயிற்று. அப்போது மக்களைத் தாங்கியது மரச்சீனியே. உணவை வெளியிலிருந்து பெற்றுத் தன் நிலத்தில் விலைப்பயிர் வளர்க்கும் பொருளியலின் வலிமையும் ஊறுபாடும் ஆகிய இரண்டும் இப்பகுதியில் முன்னமே பட்டறியப்பட்டவை.

மாநிலம் முழுவதற்குமான புள்ளிவிவரங்கள் மாற்றத்தின் அளவைக் காட்டும். கேரளத்தில் 1974–75இல் ஏறத்தாழ 8.8 இலட்சம் எக்டேராக இருந்த நெற்பரப்பு இன்று 2 இலட்சம் எக்டேருக்கும் கீழே வந்துள்ளது. 1970களின் நடுவில் 3 இலட்சம் எக்டேரைக் கடந்திருந்த மரச்சீனிப் பரப்பு இன்று 1 இலட்சத்தை எட்டவில்லை. 1970களின் தொடக்கத்தில் 2 இலட்சம் எக்டேருக்குச் சற்றுக் குறைவாக இருந்த ரப்பர்ப் பரப்பு இன்று ஏறத்தாழ 5½ இலட்சம் எக்டேர்.

இம்மூன்று எண்களையும் அடுத்தடுத்து வைத்து, 'நெல்லை அழித்து ரப்பர் வளர்ந்தது' என்று முடிவுகட்டும் வழக்கம் உண்டு. அம்முடிவு பிழையானது. ரப்பர் நீர் தேங்கும் தாழ்நிலத்தில் செழிக்காது. அது சரிவுக்குரிய மரம். சரிவில் அது அகற்றியவை மரச்சீனியும், முந்திரியும், பல மரங்கள் கலந்து நின்ற வீட்டுத்தோட்டமுமே. தாழ்விலுள்ள நெல்லை அகற்றியவை வாழையும், தென்னையும், மரச்சீனியும், பின்னர் வீடுகளும் ஆகும். மரச்சீனி சரிவிலிருந்து வெளியேறித் தாழ்வுக்கு இறங்கியது என்பதும் கருதத்தக்கது. ஆக, நிகழ்ந்தவை இரு வேறு மாற்றங்கள். அவற்றின் காரணங்கள் வேறு, விளைவுகள் வேறு. 'பணப்பயிர்' என்னும் ஒற்றைச்சொல் இவ்விரண்டையும் ஒன்றாக்கி விடுகிறது.

3. பயிர்ப்பெயர்கள்: பணமும் நாணயமும்

ஆங்கிலத் தொடரின் நேர்பெயர்ப்பாகத் தமிழில் 'பணப்பயிர்' நிலைபெற்றது. வணிகப்பயிர், வாணிபப்பயிர், காசுப்பயிர் என்பனவும் வழங்குவதுண்டு. மலையாளத்தில் இதற்கு நேரானது 'நாண்யவிள'. இதனைத் தமிழாக்குவோர் 'நாணயப்பயிர்' என எழுதுதல் இயலாது. தமிழில் நாணயம் என்பது காசினையும் நேர்மையையும் ஒருங்கே உணர்த்துவதால் பொருள் திரியும். எனவே 'பணப்பயிர்' என்றே பெயர்க்கின்றனர். அதில் தவறில்லை. ஆனால் கவனிக்க வேண்டிய பகுதி 'நாண்யம்' அன்று, 'விள' என்பதே.

'விளைதல்' என்னும் வினையடியிலிருந்து பிறந்த இச்சொல் பொதுமலையாளத்தில் பயிரையும் விளைச்சலையும் குறிக்கும். ஊடுபயிரை 'இடவிள' என்பர். ஆனால் நெய்யாற்றின்கரை முதல் குமரி மாவட்டத்தின் மேற்குப்பகுதி வரை வழங்கும் வட்டார வழக்கில் 'விளை' என்பது நிலத்தின் பெயர். மேட்டுப்பாங்கான தோட்டநிலத்தைக் குறிப்பது. களியக்காவிளை, இஞ்சிவிளை, அமரவிளை என வரும் ஊர்ப்பெயர்கள் இப்பொருளுக்குச் சான்று. இஞ்சிவிளை என்பதில் முன்னுறுப்பு பயிர், பின்னுறுப்பு நிலம். நாண்யவிள என்பதில் முன்னுறுப்பு விலை, பின்னுறுப்பு பயிர். நிலத்தைக் குறித்த சொல்லுறுப்பு பயிரைக் குறிப்பதாக இங்கு அமைகிறது. நிலத்தைக் குறிக்கும் உறுப்பே இத்தொடரில் இல்லை. இதனை ஒரு மொழி மற்றொன்றைச் சிதைத்ததாகக் கொள்ளுதல் பொருந்தாது. பொருளியல் திட்டங்களின் மொழி வட்டார மொழியை மேவும்போது இரு மொழிகளிலும் நிகழ்வதே இது.

ரப்பர் தொடர்பான சொற்களிலும் இவ்வேறுபாடு புலப்படும். பாடநூல் தமிழ் 'பால் வடித்தல்' என எழுதும். எல்லைப்புறத் தமிழ் 'பால்வெட்டு' என்னும். முன்னது பொருளின் பக்கம் நின்று பேசுவது. பின்னது உழைப்பின் பக்கம் நின்று பேசுவது. வெட்டிய மரங்களின் எண்ணிக்கையைக் கொண்டு கூலி கணக்கிடப்படும் தொழிலில் 'வெட்டு' என்பதே அளவலகு. பட்டையிலும் சிரட்டையிலும் உறைந்து எஞ்சும் 'ஒட்டுப்பால்' தனிவிலை உடையது. இதனைக் 'கழிவு' எனப் பெயர்த்தால் சிறு உடைமையாளரின் வருவாயில் ஒரு பகுதி சொல்லளவில் மறைந்துபோகும்.

4. நிலப்பெயர்கள்: நிலம், புரையிடம், ஏலா, புஞ்சை, தோட்டம்

நிலப்பெயர்களுள் தலையாய இடர் 'நிலம்' என்னும் சொல்லிலேயே உள்ளது. தமிழில் இது மண்பரப்பு முழுவதற்கும் பொதுப்பெயர். கேரள வருவாய்த்துறை ஆவணங்களில் 'நிலம்' என்பது நெல் விளையும் தாழ்நிலத்தை மட்டுமே குறிக்கும் வகைப்பெயர். அதற்கு எதிர்வகை 'புரையிடம்'. பொதுப்பொருளுக்கு மலையாளத்தில் 'பூமி' என்பர். ஆகவே பாறசாலையில் பதிவான ஓர் ஆவணத்தில் 'நிலம்' எனக் கண்டிருந்தால், அதன் உடைமையாளர் அங்கு வீடு கட்டவோ தென்னை வைக்கவோ சட்டத்தடை உண்டு என்பது பொருள். அதே சொல்லைத் தமிழ்ப்பொருளில் படிப்பவர்க்கு அத்தடை சற்றும் புலனாகாது. தமிழ்நாட்டு ஆவணங்களின் 'நன்செய்' என்னும் சொல்லே இதற்கு நெருங்கியது.

'புரையிடம்' என்பதனைப் 'புன்செய்' என்றோ 'வீட்டுமனை' என்றோ பெயர்ப்பதும் நிறைவுடையதன்று. புன்செய் என்பது மழையை நம்பித் தவசமும் பயறும் விளையும் வெளியைத் தமிழ் வாசகர் மனத்தில் எழுப்பும். வீட்டுமனை என்பது கட்டடத்துக்குரிய வெற்றிடத்தை எழுப்பும். புரையிடமோ, வீட்டைச் சூழ்ந்து பலா, மா, தென்னை, மிளகுக்கொடி, சேனை, வாழை ஆகியன அடுக்கடுக்காய் நிற்கும் மரத்தோட்டம். 'வீட்டுத்தோட்ட நிலம்' என்னும் விளக்கத்தொடரே இதற்குப் பொருந்தும். சரிவில் ரப்பர் புகுந்தபோது அகன்றது இவ்வடுக்கமைப்பே. ஓர் எக்டேரில் 400க்கு மேற்பட்ட மரங்களாக வரிசையில் நடப்பெறும் ரப்பர் நிழல்மூடிய பின்னர் அடியில் உணவுப்பயிருக்கு இடம் தருவதில்லை; முதல் மூன்று நான்கு ஆண்டுகளில் அன்னாசியோ வாழையோ இடவிளையாக நிற்கலாம். வெட்டுக்கு வர ஏறத்தாழ 7 ஆண்டுகள் ஆகும். ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாய்ப் பலவகை உணவும் வருவாயும் தந்த நிலம், ஒரே பொருளின் விலையை நம்பி நிற்கும் நிலமாகிறது.

அவ்விலையின் போக்கு 2011க்குப் பின் நன்கு வெளிப்பட்டது. 2011இல் கிலோவுக்கு 200 ரூபாயைத் தாண்டிய ரப்பர் விலை 2016இன் தொடக்கத்தில் 100 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. கேரள அரசு 2015இல் கிலோவுக்கு 150 ரூபாயை அடிப்படையாகக் கொண்டு ஊக்கத்தொகைத் திட்டம் ஒன்றைத் தொடங்க நேர்ந்தது. 2024இல் விலை மீண்டும் 200 ரூபாயைக் கடந்தது. விலை வீழ்ந்த ஆண்டுகளில் வெட்டாமல் விடப்பட்ட மரங்கள் பல. நெல்லோ வாழையோ அடுத்த பருவத்தில் மாற்றத்தக்கவை. ரப்பரோ கால் நூற்றாண்டு நிலைக்கும் முடிவு. சில சென்ட் அளவே உடையவர்க்கு இவ்வேறுபாடு வாழ்வைத் தீர்மானிப்பதாகும்.

தாழ்வில் நிகழ்ந்த மாற்றத்தை உணர 'ஏலா' என்னும் சொல் இன்றியமையாதது. தமிழ் வாசகர்க்கு இது ஏலக்காயையோ ஏலவிற்பனையையோ நினைவூட்டக்கூடும். தென்திருவிதாங்கூர் வழக்கில் இரு குன்றுகளுக்கு இடையே தொடர்ந்து கிடக்கும் வயற்பரப்பு முழுவதும் ஓர் ஏலா. இதனை 'வயல்' என்று பெயர்த்தால் ஒருவரது வயலும் ஏலாவாகிவிடும். ஏலா தனியொருவர் வயலன்று. பலர் வயல்களின் தொடர். ஒரே வாய்க்காலும், ஒரே வடிகாலும், ஒரே உழவுக்காலமும் உடையது. இக்கூட்டுத்தன்மை சொல்லிலேயே அடங்கியிருத்தலால், அது சிதையும் முறையையும் சொல்லின்வழி விளக்கலாம். ஏலாவின் மேற்பகுதியில் ஒருவர் மண்ணைக் குவித்து மேடாக்கி வாழை வைத்தால் அவர்க்கு நீர் வடியவேண்டும். அடுத்தவர் நெல்லுக்கு நீர் நிற்கவேண்டும். ஒருவர் வரப்பில் தென்னை வளர்ந்தால் அடுத்தவர் வயலில் நிழல் விழும். பாதி வயல்கள் நெல்லை விட்டபின் எஞ்சிய பாதிக்கு உழவு ஏரும் அறுப்பு ஆளும் வாய்ப்பதரிது; எலியும் பறவையும் எஞ்சிய கதிரிலேயே கூடும். இறுதியாக நெல்லை விட்டவர் விரும்பி விட்டவர் அல்லர். விடவேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்டவர். 'உழவர்கள் நெல்லைக் கைவிட்டனர்' என்னும் எழுவாய் – பயனிலை அமைப்பு இந்நிகழ்வின் உண்மையைக் கூறுவதாகாது.

ஏலா நெல் விளையும் இடம் மட்டுமன்று. இரு பருவமழையின் நீரையும் சிலநாள் தாங்கி மெல்ல நிலத்துள் இறக்கும் தட்டு அது. குன்றுச்சரிவிலுள்ள வீட்டுக்கிணறுகளின் ஊற்று இதனோடு தொடர்புடையது. தாழ்வு மேடானால் மழைநாளில் நீர் பெருகி ஓடவும் கோடையில் கிணறு வற்றவும் நேரும். மண் ஒன்றாயினும் இழப்பு இருவகைப்பட்டது: நெல் இழந்தவர் வயலுடையவர், நீர் இழப்பவர் வயலே இல்லாதவரும் ஆவர். நாற்று நடவும் அறுப்பும் பெண்களுக்குப் பருவந்தோறும் கிடைத்த வேலைகள். பால்வெட்டு பெரும்பாலும் ஆடவர் தொழிலாகவும், குறைந்த ஆள்கள் போதுமானதாகவும் அமைந்தது.

மொழிபெயர்ப்பாளரை வழுக்கச் செய்யும் மற்றொரு சொல் 'புஞ்சை'. தமிழில் இது நீர்வளமற்ற நிலம். மலையாளத்தில் 'புஞ்ச' என்பது நீர் வற்றத் தொடங்கும் கோடையில் தாழ்நிலத்தில் செய்யும் நெற்பயிரையும் அதற்குரிய சேற்று நிலத்தையும் குறிக்கும். ஒன்று வறண்டது, மற்றொன்று நீர் நிறைந்தது. விரிப்பு, முண்டகன், புஞ்ச எனக் கேரளத்தில் வழங்கும் பருவப்பெயர்களுக்குக் குமரி மாவட்டத்தில் கன்னிப்பூ, கும்பப்பூ என்பன இணையாக நிற்கின்றன. இங்குப் 'பூ' என்பது மலரன்று, போகம். நெல் அகன்ற ஊர்களில் இப்பெயர்களும் முதியோர் பேச்சில் மட்டுமே எஞ்சத் தொடங்கியுள்ளன.

'தோட்டம்' என்னும் சொல்லின் பரப்பும் நோக்கத்தக்கது. கொங்குநாட்டில் அது கிணற்றுப்பாசன நிலம். யாழ்ப்பாணத்தில் புகையிலையும் வெங்காயமும் காய்கறியும் விளையும் செய். இலங்கை மலையகத்தில் தேயிலைப் பெருந்தோட்டம். கேரளச் சட்டமொழியில் 'தோட்டம்' என்பது பயிர்வகையால் வரையறுக்கப்பட்டது. 1963ஆம் ஆண்டின் கேரள நிலச்சீர்திருத்தச் சட்டம் தேயிலை, காப்பி, ரப்பர், கொக்கோ, ஏலம், கறுவாப்பட்டை ஆகியவற்றின் தோட்டங்களுக்கு உச்சவரம்பிலிருந்து விலக்களித்தது. தென்னைக்கும் கமுகுக்கும் அவ்விலக்கு இல்லை. எனவே ஒரு நிலத்தில் என்ன மரம் நிற்கிறது என்பதே அது 'தோட்டமா' அன்றா என்பதையும், உச்சவரம்புக்கு உட்பட்டதா என்பதையும் தீர்மானித்தது. இவ்விலக்கு பேருடைமையாளர்க்கே நேரே பயன்பட்டது. பாறசாலைப் பகுதியின் சிற்றுடைமையாளர் உச்சவரம்பைத் தொடாதவர். இருப்பினும் ரப்பரே பாதுகாப்பான பயிர் என்னும் எண்ணம் பரவுவதற்குச் சட்டத்தின் இவ்வகைப்பாடும் துணைநின்றது எனலாம்.

5. சட்டமொழியும் எல்லைப்புற வாசகரும்

உணவுப்பயிர் நிலத்தை மாவட்ட ஆட்சியரின் இசைவின்றி வேறு பயனுக்கு மாற்றுவதை 1967ஆம் ஆண்டின் கேரள நிலப்பயன்பாட்டு ஆணை தடுத்தது. அவ்வாணை போதாமையால் 2008இல் நெல்வயல், தண்ணீர்த்தடப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. வேறு நிலம் இல்லாதவர் வீடு கட்டுவதற்கு ஊராட்சிகளில் 10 சென்ட், நகரப்பகுதிகளில் 5 சென்ட் என்னும் அளவில் மட்டும் விலக்குக்கு அச்சட்டம் வழிவகுத்தது. நெல்வயல்களின் தரவுப்பட்டியல் ஒன்று ஊர்தோறும் அணியமாக்கப்பட்டது. 2018ஆம் ஆண்டின் திருத்தம், அப்பட்டியலில் இடம்பெறாத 'நிலங்களை'க் கட்டணம் செலுத்தி வகைமாற்ற இடமளித்தது.

இச்சட்டத்தைச் சூழ்ந்த மலையாளச் சொற்கள் பலவும் தமிழ் வாசகரைத் திசைதிருப்புவன. 'நியமம்' அங்குச் சட்டம், தமிழில் ஒழுக்கநெறி. 'தண்ணீர்த்தடம்' அங்கு ஈரநிலம். தமிழில் நீர் செல்லும் வழி எனப் படிக்கப்படும். 'பரிவர்த்தனம்' அங்கு மாற்றம். அதனைத் தமிழின் 'பரிவர்த்தனை' எனக் கொண்டால் நிலத்தை விற்பதும் வாங்குவதும் தடைசெய்யப்பட்டதாகப் பொருள்படும். 'தரம்மாற்றம்' அங்கு வகைமாற்றம். தமிழில் 'தரம்' பெரிதும் உயர்வு தாழ்வைக் குறிப்பதால், நிலத்தின் தன்மையை மேம்படுத்துதல் எனத் தோன்றும். இறுதியாகக் கூறியது மிகுந்த கேடுடையது. நீரைத் தாங்கிய வயலை மண்ணிட்டு மூடுதலை, ஒரு முன்னேற்றம்போல் காட்டும் சொல்லாக அது மாறிவிடுகிறது. வயலில் மண்ணிட்டு நிரப்புதலைக் குறிக்கும் 'நிகத்தல்' என்னும் பேச்சுவழக்குச் சொல்லே உண்மையை நேரே கூறுகிறது. தமிழில் 'வயலைத் தூர்த்தல்' என்பது இதற்கு இணையாகும். குளம் தூர்த்தல், கிணறு தூர்த்தல் என்னும் வழக்குகளோடு இயைந்து நின்று இழப்பையும் அது உணர்த்தும்.

1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசோடு எழுத்துப்போக்குவரத்து நடத்த இடமளிக்கிறது. அவ்வுரிமை பயனுடையதாக வேண்டுமெனின், விண்ணப்பத்தில் எழுதும் தமிழ்ச்சொல்லும் அலுவலகம் கொள்ளும் மலையாளப் பொருளும் ஒன்றுபடுதல் வேண்டும். 'என் நிலத்தில் வாழை வைத்துள்ளேன்' என்று தமிழில் எழுதுவது இயல்பான செய்தி. மலையாள வகைப்பெயரின்படி அதே தொடர் நெல்வயலை மாற்றியதற்கான ஒப்புதலாகப் படிக்கப்படலாம். மொழிபெயர்ப்பு இங்கு நடை பற்றிய சிக்கலாக நிற்பதில்லை. உடைமை பற்றிய சிக்கலாகிவிடுகிறது.

எல்லையின் மறுபக்கத்தில் இச்சட்டம் செல்லாது. ஆயினும் நீர் இரு பக்கத்தையும் பிணைக்கிறது. நெய்யாற்றின் இடதுகரைக் கால்வாய் விளவங்கோடு வட்டத்தில் 9,200 ஏக்கருக்குப் பாசனம் தருவதற்கென அமைந்தது. 2004இல் கேரளம் நீர் வழங்குவதை நிறுத்தியது. 2012இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்தை அணுகியது. நெய்யாறு மாநிலங்களுக்கு இடைப்பட்ட ஆறு அன்று என்பது கேரளத்தின் வாதம். இவ்வழக்கிலும் 'ஆயக்கட்டு' என்னும் சொல் நடுநாயகமானது. ஆயக்கட்டு என்பது நீருக்கு உரிமை பூண்ட நிலப்பரப்பு. நெல்லுக்கென வகுத்த ஆயக்கட்டில் ரப்பரும் வாழையும் வீடும் பெருகும்போது, அச்சொல் குறிக்கும் பரப்பும் உண்மையில் நீர் வேண்டும் பரப்பும் வேறுபடத் தொடங்கும். நீர் வராமையால் நெல் அகன்றதா, நெல் அகன்றமையால் நீரின் தேவை குறைந்ததா என்னும் வழக்காடலுக்கு அது இடந்தரும்.

6. புனைகதையில் இம்மாற்றம்

தமிழ்ப் புனைகதை சந்தைப்பயிரை முதலில் அணுகியது கூலித்தொழிலாளர் துயரின் வாயிலாகவே. புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைக் களமாகக் கொண்டது. ராஜம் கிருஷ்ணனின் 'குறிஞ்சித்தேன்' (1963) நீலகிரிப் படகர் வாழ்வில் தேயிலையும் பிற புதுமைகளும் புகுந்து விளைத்த மாற்றத்தைக் காட்டியது. எல்லைப்புற ரப்பர் நிலத்தை நாவலின் மையமாக்கிய படைப்பு ஜெயமோகனின் 'ரப்பர்' (1990). குமரி மாவட்டத்தின் மேற்குப்பகுதியில் ஒரு குடும்பத்தின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் ரப்பரின் வரவோடு இணைத்துக் கூறும் நாவல் அது.

தலைப்பே மொழியியல் நோக்கில் கருதத்தக்கது. மொழிமுதலில் ரகரம் வாராது என்னும் இலக்கணநெறி பற்றிப் பாடநூல்கள் 'இரப்பர்' என எழுதும். நாவல் அவ்வொட்டெழுத்தை ஏற்கவில்லை. மண்ணுக்கு அயலான மரத்தின் பெயர் மொழிக்கும் அயலாகவே நிற்கட்டும் என்னும் குறிப்பு இதனின்று பெறப்படுதல் கூடும். 1876இல் பிரேசிலிலிருந்து விதையாகக் கொண்டு செல்லப்பட்டு, 1902இல் பெரியாற்றங்கரையின் தட்டேக்காட்டில் வணிக முறையில் நடப்பெற்ற மரத்துக்கு அத்தலைப்பு பொருந்துவதே. உரையாடல்களில் விளவங்கோட்டு வழக்கு இடம்பெறுவதால், எல்லைப்புற வேளாண் சொற்கள் பல அச்சேறியமையும் இந்நாவலின் பயன்.

ஆயினும் நாவலின் வடிவம் ஒன்றை முன்னிறுத்தி ஒன்றைப் பின்தள்ளுகிறது. குடும்ப எழுச்சி – வீழ்ச்சி என்னும் கதைவடிவம் பெருநில உடைமைக்கு இயைந்தது. அங்குக் காடழித்தோர் யார், பயன்கொண்டோர் யார் என்பதைச் சுட்டிக்காட்டலாம்; மரத்தை அறவீழ்ச்சியின் குறியீடாக்கலாம். கேரளத்திலும் குமரியிலும் ரப்பர்ப் பரப்பின் பெரும்பகுதியோ சிற்றுடைமையாளர் கையிலுள்ளது. பாறசாலைச் சரிவுகளில் 50 சென்ட் மரச்சீனியை அகற்றி ரப்பர் வைத்தவர் பேராசையால் வைத்தவர் அல்லர். கூலி உயர்ந்தது, மரச்சீனி விலை சரிந்தது, நடவுக்கு மானியமும் விற்பனைக்கு உறுதியான சந்தையும் ரப்பருக்கே இருந்தன. அவ்வருவாயில் ஓட்டுவீடு எழுந்தது. பிள்ளைகள் கல்லூரி சென்றனர். இதனைக் காணாது நாவலை இயற்கைக்கும் பேராசைக்கும் இடையிலான போராட்டமாக மட்டும் படிப்பது, அறக்குறியீட்டைப் பொருளியல் விளக்கமாக மயங்குவதாகும். அயல்மரம், தன்மரம் என்னும் எதிர்மறையும் முழுதும் நிற்காது. உணவு நெருக்கடியில் மக்களைக் காத்த மரச்சீனியும் தென்னமெரிக்காவிலிருந்து வந்த பயிரே.

மேலும், 'ரப்பர்' சரிவின் கதை. ஏலாவின் கதை அதன் மையம் அன்று. குறியீடாக்கத்தக்க பெருமரம் எதுவுமின்றி, வரப்பு வரப்பாகச் சிதைந்த தாழ்நிலத்தின் வரலாறு இன்னும் தமிழ்ப் புனைகதையில் அதற்குரிய வடிவைப் பெறவில்லை. அதற்குத் தலைவன் ஒருவனை மையமாகக் கொண்ட கதைவடிவம் போதாது. நீரையும் வடிகாலையும் பகிர்ந்துகொண்ட பலரின் உறவே அதன் கதைமாந்தராதல் வேண்டும்.

இந்நாவலையோ இத்தகைய பிறவற்றையோ வேற்றுமொழிக்குப் பெயர்ப்போர் விளை, ஏலா, புரையிடம் ஆகியவற்றை ஒரே 'பண்ணை'யாக்கிவிட்டால், எந்நிலத்தில் எது இழக்கப்பட்டது என்பதே வாசகர்க்குப் புலனாகாது. அவ்வாறு பெயர்த்தலால் வட்டார மணம் குறைகிறது என்பது சிறுகுறையே. கதையின் காரணகாரியத் தொடர்பு அறுந்துபோகிறது என்பதே பெருங்குறை.

7. முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படும்.

முதலாவது, 'பணப்பயிர்' என்னும் சொல் விலக்கத்தக்கது அன்று. ஆனால் தனித்து நிற்கத்தக்கதும் அன்று. 'சரிவில் ரப்பர்', 'ஏலாவில் வாழை' என நிலவகையோடு இயைத்துக் கூறினாலன்றிப் பொருளியல் விளைவும் சூழலியல் விளைவும் பிரித்தறியப்படா.

இரண்டாவது, மலையாளமும் தமிழும் பகிரும் சொற்களில் ஒலியொற்றுமை மொழிபெயர்ப்புக்குத் துணையாவதைவிட இடராவதே மிகுதி. நிலம், புஞ்சை, தோட்டம், தரம், பரிவர்த்தனம் ஆகியன அறியாத சொற்கள்போல் நடத்தப்பட வேண்டியவை. இவற்றுக்கு அகராதிப் பொருளோடு வருவாய்த்துறைப் பொருளும் வட்டார வழக்கும் தந்து, நிலவகையின்படி அமைந்த இருமொழிச் சொற்றொகுதி ஒன்று தேவைப்படுகிறது. பயிர்களை அகரவரிசைப்படுத்தும் கலைச்சொல் தொகுதிகள் இத்தேவையை நிறைவு செய்யா.

மூன்றாவது, சொற்றொகுப்புக்குக் காலம் குறுகியது. நெல் அகலும்போது கன்னிப்பூவும் கும்பப்பூவும் முண்டகனும் பொருளற்ற ஒலிகளாகின்றன. ஏலா வீட்டுமனையான இடத்தில், ஏலா என்பது தனியொருவர் வயலன்று, பலரது கூட்டுநிலம் என்னும் பொருள் இளையோர்க்கு எட்டுவதில்லை. தூர்ந்த வயலை மீட்பது மொழியியலாரின் பணி அன்று. ஆனால் தூர்ந்தது வெறும் இடம் அன்று, ஊர்க் கிணறுகளுக்கு நீரூட்டிய ஏலா என்பதைச் சொல்லால் நிறுவத்தக்க நிலை இருக்கும்வரையே அதன்பொருட்டு வழக்குரைக்க இயலும். அச்சொல்லைக் காத்துத் தெளிவுறப் பெயர்த்துத் தருதல் அவர்க்குரிய கடனாகும்.